தண்ணீருக்குள் எந்தத் துணி?

கடற்கன்னி வால் தைப்பதற்கு எந்தத் துணி நல்லது என்று தரம் 10 மாணவிகள் சிலர் இந்தத் தவணையில் என்னிடம் கேட்டார்கள். கலைவிழா மேடைக்கு என்றால் எதுவும் போதும். பளபளக்கும் சட்டின் துணி, பழைய சாரியின் கரை, கொஞ்சம் ரெஜிபோம் இருந்தால் ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அவர்கள் கேட்டது வேறு. "போட்டுக்கொண்டு நீந்தக்கூடிய வால் வேணும் மிஸ்" என்றார்கள். உங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று திருப்பிக் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை.

மனையியல் கற்பிப்பவள் என்ற முறையில் துணியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. பெற்றோரிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. நம் பெண் பிள்ளைகள் ஏன் நீந்தப் பழகவில்லை என்று எந்த வீட்டில் கேட்டாலும் முதலில் வரும் பதில் உடுப்பு. அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் அந்த உடுப்புச் சிக்கலில் பெரும்பகுதி துணியைத் தெரிவு செய்வதில் இருக்கும் சிக்கல் என்பதே என் கருத்து. தையல் அறையில் தீர்க்கக்கூடிய ஒன்றை நாம் தலைமுறை தலைமுறையாகத் தீர்க்காமல் வைத்திருக்கிறோம்.

முதலில் வாலைப் பார்ப்போம். கேட்ட பிள்ளைகள் ஏமாறக்கூடாதல்லவா?

கடற்கன்னி நம் நாட்டுக்குப் புதியவள் அல்ல. பாடும் மீன்களின் ஊரான மட்டக்களப்பில் அவளுக்குச் சிலையே உண்டு. மன்னாருக்கு அருகே 1560இல் மீனவர்கள் ஏழு கடற்கன்னிகளைப் பிடித்ததாகவும், கோவாவிலிருந்த போர்த்துக்கேய ஆளுநரின் வைத்தியர் அவற்றை அறுத்துப் பார்த்து மனித உடலைப் போலவே இருப்பதாக எழுதியதாகவும் ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் தன் நூலில் கடற்பசுவைப் பற்றி எழுதும்போது இதை எடுத்துச் சொல்கிறார். மன்னார் கடலில் வாழும் கடற்பசு குட்டியை அணைத்துப் பால் கொடுக்கும் விலங்கு. அதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் பெண்ணென்று நினைத்ததில் வியப்பில்லை. வைத்தியர் பக்கத்திலிருந்து பார்த்தும் அப்படி எழுதியதுதான் வியப்பு.

வாலை அணிந்து உண்மையாகவே நீந்திக் காட்டியவர்களில் முதலில் பெயர் பெற்றவர் அவுஸ்திரேலியப் பெண் அனெட் கெல்லர்மன். சிறுவயதில் கால் எலும்பு பலவீனமாகி, நடப்பதற்கு இரும்புத் தாங்கி போட்டவர். கால் தேறுவதற்காக நீச்சல் பழகினார். நூறு ஆண்டுகளுக்கு முந்திய மௌனப் படங்களில் கடற்கன்னியாக நடித்தார். தன் வாலைத் தானே வடிவமைத்தார். இதில் கவனிக்க வேண்டியது வரிசை. அவர் முதலில் நீந்தப் பழகினார். வால் பிறகு வந்தது.

நீந்தும் வாலுக்கு இரண்டு பாகங்கள் உண்டு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மூடும் உறை ஒன்று. அதன் முனையில் இரு பாதங்களையும் சேர்த்துச் செருகும் அகலமான துடுப்பு மற்றது. உந்தித் தள்ளும் வேலை முழுவதையும் துடுப்புத்தான் செய்கிறது. நெஞ்சிலிருந்து அலை போல உடல் வளைந்து, அந்த அலை துடுப்பில் போய் முடியும்போது உடல் முன்னே போகிறது. துடுப்பில்லாமல் உறையை மட்டும் தைத்துப் போட்டுக்கொண்டால் அது சாக்குக்குள் காலைக் கட்டிக்கொண்டு ஆற்றில் குதிப்பதற்குச் சமம். வீடுகளில் தைக்கப்படும் வால்களில் பல இந்த வகைதான்.

துடுப்புக்குப் பலகை ஆகாது, ஊறும், வளையாது. தகரம் ஆகாது, வெட்டும். வாளி மூடி போன்ற விறைத்த பிளாஸ்டிக் இரண்டு தரம் வளைந்தால் வெடித்து, கூரான முனை காட்டும். வளைந்து மீண்டும் நிமிரும் பிளாஸ்டிக் தகடு வேண்டும். தொழில்முறையில் செய்பவர்கள் பொலிகார்பனேட் தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். சினிமாவில் காணும் அழகான வால்கள் சிலிக்கனில் வார்த்தவை. அவற்றுள் சில, தோட்டத்தில் ஒரு நாளைக்குக் கேட்கும் பதினெட்டுக் கிலோ கொழுந்தின் எடைக்குக் கிட்ட வரும்.

உறைக்குள் பஞ்சோ ஸ்பொஞ்சோ ரெஜிபோமோ வைக்கவே கூடாது. வால் கொழுத்து அழகாகத் தெரியும் என்று வைக்கத் தோன்றும். ஆனால் ரெஜிபோம் மிதக்கும் பொருள். அது காலை மேலே தூக்கும். கால் மேலே போனால் தலை கீழே போகும். கைகளால் மட்டும் அதைத் திருத்த நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் முடியாமல் போகலாம்.

கனடாவின் எட்மன்டன் நகரம் 2015இல் தன் நீச்சல் தடாகங்களில் இந்த வால்களைத் தடை செய்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 2018இல் சிறுவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, இரு பாதங்களையும் சேர்க்கும் துடுப்பைப் போட்டதும் நீந்தும் திறன் சராசரியாக 60 வீதமும், முழு வாலைப் போட்டதும் 70 வீதமும் குறைந்தது. அந்தப் பிள்ளைகள் நீந்தத் தெரிந்தவர்கள். ஒன்றும் தெரியாத நம் பிள்ளைகளின் கணக்கை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே என் பதில்: நீந்தும் வாலை இப்போது தைக்க வேண்டாம். அதே பணத்தில், அதே தையல் மெஷினில், வேறொன்று தைக்கலாம்.

அதற்கு முன்பு ஒரு விடயத்தை யோசித்துப் பாருங்கள். வால் என்பது இரண்டு காலையும் ஒன்றாகக் கட்டும் துணி. நம் ஊரில் உம்மாவும் பெரியம்மாவும் தோட்டத்து அக்காமாரும் ஆற்றில் இறங்கும்போது என்ன உடுத்துகிறார்கள்? நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிய பாவாடை. நனைந்ததும் அது தொடையோடும் முழங்காலோடும் ஒட்டி, இரண்டு காலையும் ஒன்றாக்கிவிடும். வழுக்குப் பாறையில் கால் வைத்துத் தடுமாறினால் ஓரடி எட்டி வைக்க முடியாது. குறுக்குக்கட்டும் ஒரு கடற்கன்னி வால்தான், துடுப்பு மட்டும் இல்லை. சல்வாரின் துப்பட்டா கழுத்தைச் சுற்றும். ஹபாயாவின் அகலமான கீழ்ப்பகுதி குடை போல விரிந்து தண்ணீரைப் பிடிக்கும். பர்தாவில் குத்திய ஊசி அவசரத்தில் கழலாது.

'பீலியில்தானே குளிக்கிறோம், ஆழமில்லையே' என்று சொல்லலாம். பீலியில் தண்ணீர் வற்றும் மாதங்களில் எங்கே போகிறோம்? உடுப்புத் துவைக்க எங்கே போகிறோம்? வலப்பனையைச் சுற்றி ஓயாக்கள் எத்தனை! கீழே இறங்கினால் ரந்தெனிகலை நீர்த்தேக்கம். மேலே மலையில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே ஆற்றை நிரப்பிக்கொண்டு வரும் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல. நாம் தண்ணீருக்குப் பக்கத்தில் வாழ்பவர்கள். தண்ணீரைப் பழகாதவர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இலங்கையிலும் இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் இந்தியாவிலும் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்ததாக அது சொன்னது. காரணங்கள் பல. இலங்கையைப் பற்றிச் சொன்னதில் ஒன்று மிக எளிமையானது: ஆண் பிள்ளைகள் நீந்தவும் மரமேறவும் பழகியிருந்தார்கள், பெண் பிள்ளைகளுக்கு அது பழக்கப்படுத்தப்படவில்லை. கரையோரத்தில் பிறந்து வளர்ந்த பெண்களின் நிலையே அது. அதன் பின்னர்தான் வெலிகமையில் பெண்களுக்கென்றே, பெண்களைக் கொண்டே இலவசமாக நீச்சல் கற்பிக்கும் ஒரு முயற்சி தொடங்கியது. மலையில் இருக்கும் நமக்குச் சுனாமி வராது என்பது உண்மைதான். 2007 ஜனவரியில் வலப்பனையில் மழை என்ன செய்தது என்பதை மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மண்சரிவுக்கு நீச்சல் மருந்தல்ல. ஆற்று வெள்ளத்துக்கும் தனியே அது போதாது. ஆனால் வாய்க்குள் தண்ணீர் போனதும் பதறாமல், மல்லாந்து மிதந்து மூச்சு விடத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் இடையே சில நிமிடங்கள் வித்தியாசம் உண்டு. ஆள் வந்து சேர அந்த நிமிடங்கள் போதும்.

உடுப்புக்கு வருவோம். லெபனானில் பிறந்து சிறுவயதில் அவுஸ்திரேலியா சென்ற அஹீதா ஸனெட்டி என்ற பெண், தன் உறவுக்காரச் சிறுமி பர்தாவோடு வலைப்பந்து ஆடச் சிரமப்படுவதைப் பார்த்துத் தைக்கத் தொடங்கியதுதான் பின்னர் புர்கினி என்ற நீச்சலுடையானது. 2004ஆம் ஆண்டளவில் சிட்னியில் நடந்த கதை இது. சில ஆண்டுகளில் சிட்னியின் கடற்கரையொன்றில் முஸ்லிம் பெண்ணொருவர் உயிர்காப்பாளராகப் பயிற்சி பெற்றார். உயிர்காப்பாளர்களுக்குரிய அதே மஞ்சளும் சிவப்பும் கொண்ட புர்கினி அவருக்காகத் தைக்கப்பட்டது. காப்பாற்றப்பட வேண்டியவளாக அல்ல, காப்பாற்றுகிறவளாக ஒரு பிள்ளை கரையில் நிற்கிறாள்! 2016இல் பிரான்சின் சில நகரங்கள் அந்த உடையைத் தடை செய்தன. ஓகஸ்ட் 26ஆம் திகதி அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஒரு நகரத்தின் தடையை நிறுத்தி வைத்தது. அங்கே மூடிக்கொண்டு இறங்காதே என்கிறார்கள். இங்கே மூட வேண்டியிருப்பதால் இறங்காதே என்கிறோம். இரண்டு இடத்திலும் கரையில் நிற்பது பெண்தான்.

வெளிநாட்டு உடையின் விலை நமக்குக் கட்டாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இது எந்த நாடு? உலகப் பெயர் பெற்ற நிறுவனங்களின் நீச்சலுடைகளை இந்த நாட்டு கார்மண்ட்களில்தான் தைக்கிறார்கள். நம் ஊரிலிருந்து கார்மண்டுக்குப் போன அக்காமார் எத்தனை பேர்! யாரோ நீந்துவதற்காகத் தைக்கும் கை, தன் தங்கைக்கு ஒன்று தைக்க முடியாதா?

துணி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 'பருத்தி தண்ணீரைக் குடித்துப் பாரமாகி ஆளைக் கீழே இழுத்துவிடும்' என்பார்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை துணி குடித்த தண்ணீருக்கு எடை தெரியாது. சுற்றியுள்ள தண்ணீரே அதைத் தாங்கிக்கொள்ளும். பருத்தி, பொலியெஸ்டர், நைலோன் மூன்றும் தண்ணீரைவிடச் சற்றே கனமானவை. பருத்தி கொஞ்சம் கூடுதல், நைலோன் மிகக் குறைவு. கெடுதல் வேறு மூன்று இடங்களில் வருகிறது. விரிந்த துணி தண்ணீரைத் தடுத்து ஒவ்வோர் அசைவையும் களைப்பாக்குகிறது. ஒட்டிய துணி காலைக் கட்டுகிறது. கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும்போதும் கரையேறும்போதும்தான் குடித்த தண்ணீர் முழுவதும் உண்மையான பாரமாகிறது. களைத்துப்போய்க் கரையைப் பிடித்தவள் ஏற முடியாமல் மறுபடி வழுக்குவது அதனால்தான்.

ஆகவே தண்ணீர் குடிக்காத துணி வேண்டும். சாதாரணக் காற்றின் ஈரத்தை மட்டும் எடுத்தாலே பருத்தி தன் எடையில் 8.5 வீதம் ஏற்றுக்கொள்ளும். நைலோன் ஏறத்தாழ 4 வீதம். பொலியெஸ்டர் 0.4 வீதம்தான். பொலியெஸ்டருக்கு இன்னொரு நன்மை, தடாகத்தில் கலக்கும் குளோரினைத் தாங்கும். லைக்ரா கலந்த நைலோன் நன்றாக இழுபடும், ஆனால் குளோரினில் சீக்கிரம் தொய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

"லைக்ரா உடம்போடு ஒட்டுமே" என்று ஒரு உம்மா கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அதனால் ஒரே துணியில் தைக்கக் கூடாது. உள்ளே கணுக்கால் வரை இறுக்கமான கால்சட்டை, லைக்ரா கலந்தது. மேலே தொடையின் நடுப்பகுதி வரை வரும் சற்றுத் தளர்ந்த மேற்சட்டை. இதற்கு விளையாட்டு உடுப்புத் தைக்கும் பொலியெஸ்டர் போதும், அது நனைந்தாலும் அவ்வளவாக ஒட்டாது. மேற்சட்டை தண்ணீரில் மேலே எழாமலிருக்க, உள்பக்கம் இரண்டு துணிக் காதுகள் வைத்துக் கால்சட்டையின் இடுப்போடு கட்டிவிடலாம். தலைக்குத் தனிப் பர்தா வேண்டாம், ஊசியும் வேண்டாம். கழுத்தோடு சேர்த்துத் தைத்த தொப்பி போன்ற மூடி போதும். ஹபாயாவின் நீளம் தண்ணீருக்குள் மறைப்பைக் கூட்டாது. விரிந்து மேலே மிதக்கும்போது உள்ளதையும் குறைக்கும்.

நிறத்தில்தான் கடற்கன்னி நம்மை மிகவும் ஏமாற்றுகிறாள். எல்லா வாலும் நீலம், பச்சை, சாம்பல். தண்ணீரின் நிறமும் அதுதான். மூழ்கிய பிள்ளையைத் தேடும் கண்ணுக்கு அது ஒன்றும் காட்டாது. நம் ஆறுகள் மழைக்குக் கலங்கியவை, அங்கே கறுப்பும் கடும் ஊதாவும் மறைந்துபோகும். செம்மஞ்சள் அல்லது கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நல்லது. 'பளிச்சென்ற நிறம் பார்வையை இழுக்குமே' என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன், தண்ணீரில் பார்வையை இழுக்கத்தான் வேண்டும். வெள்ளை மட்டும் வேண்டாம். நனைந்தால் உள்ளே தெரியும்.

பெற்றோரிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். தைத்த உடுப்பு நீச்சல் சொல்லிக் கொடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கிப் பழகுங்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆசிரியை வேண்டும், தடாகம் வேண்டும். எங்களிடம் தடாகம் இல்லை; கண்டிக்குப் போக பஸ்ஸில் சில மணித்தியாலம் ஆகும். ஆனால் வருடத்துக்கு ஒரு சுற்றுலா போகத்தான் செய்கிறோம். அந்த பஸ்ஸையும் அந்தப் பணத்தையும், விடுமுறையில் சில நாட்கள் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், பெண் பயிற்றுநர் ஒருவரிடம் போய் வரச் செலவழிக்க முடியாதா? பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நீச்சல் பழகுவதை வீண் விளையாட்டில் சேர்க்காமல் தனியே சிறப்பித்துச் சொல்லும் ஹதீஸ் நஸாயீயின் பெரிய தொகுப்பில் இருக்கிறது. மௌலவியிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். நம் ஆண் பிள்ளைகள் ஆற்றில் தாமாகவே பழகிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை என்பதால்தான் பாடசாலை முன்வர வேண்டும் என்கிறேன்.

வால் கேட்ட பிள்ளைகளுக்கு: ஐம்பது மீற்றர் நிற்காமல் நீந்தி, பிறகு மல்லாந்து மிதக்கவும் தெரிந்த அன்றைக்கு வாருங்கள். துடுப்பு வெட்டித் தருகிறேன். ஒரே உதறலில் காலைக் கழற்றிக்கொள்ள முடிகிறதா என்று முதலில் கட்டிலில் படுத்துப் பார்ப்போம்.

அதுவரைக்கும் தையல் அறையில் செய்ய வேலை இருக்கிறது. மகரகமைக்குப் பக்கத்தில் பமுனுவையில் கார்மண்ட் துணித் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். கொழும்புப் பக்கம் போகும் வாப்பாமார், நானாமார் இருந்தால் சொல்லிவிடுங்கள். வாங்குமுன் சாண் அளவு துண்டுகளாக நாலைந்து வகை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் உலர்ந்தபடி சமையல் தராசில் நிறுத்து, வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் தூக்கி ஒரு நிமிடம் தொங்கவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். பிறகு நனைந்த துண்டைக் கையின் மேல் இழுத்துப் பிடித்து, வெளிச்சத்தில் தோல் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறிய துணியை மட்டும் வாங்குங்கள். நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஊறி ஊறி இற்றுவிடும். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும், அதனால் சிக்சேக் அல்லது ஓவர்லொக். ஊசி இழுபடும் துணிக்கென்று விற்கும் உருண்டை முனை ஊசி. பாடசாலை மெஷின் இரண்டிலும் சிக்சேக் வேலை செய்கிறது, நான் பார்த்துவிட்டேன்.